அந்தக் கையைப் பார்க்கிறேன்

எங்கள் சபையில் சாட்சிக்கு மூன்று நிமிடம். ஆண்டவரை அறிவதற்கு முன் எப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு நிமிடம், அறிந்தது எப்படி என்பதற்கு ஒன்று, அறிந்த பிறகு எப்படி இருக்கிறேன் என்பதற்கு ஒன்று. ஐரோப்பாவுக்கு ஊழியத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் இதை எழுதி, மனப்பாடம் செய்து, சபையின் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்கள் முன்னால் ஒப்பித்துக் காட்ட வேண்டும். எங்கள் பாஸ்டர் பிரதர் ராய்ஸ், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்பார். அழுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

என் முறை வந்தபோது எழுந்து நின்றேன்.

"எனக்கு மூணாவது நிமிஷம் இல்ல, பிரதர்," என்றேன்.

"போற வழியில கெடைச்சிடும், க்ளெண்டா. கர்த்தர் குடுப்பாரு."

கர்த்தர் என்ன கொடுத்தாரோ, பிரதர் ராய்ஸ் வேர்க்கடலை வெண்ணெயைக் கொடுத்தார். அதாவது, குழுவின் சாப்பாட்டுப் பொறுப்பு. அலபாமாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையைப் பல வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் நான். போகிற இடத்தில் இளசுகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஒரு பெட்டி நிறைய வேர்க்கடலை வெண்ணெய் டப்பாக்களை அடுக்கினேன். வியன்னாவில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனாலும் எங்கள் ஊரிலிருந்து ஊழியப் பயணம் கிளம்பினால் வேர்க்கடலை வெண்ணெய் கூடவே போகும். அது எழுதாத சட்டம்.

சாட்சி சொல்ல வாய் வராதவளை ஏன் கூட்டிப் போனார்கள் என்றால், ஹாலிஸுக்காக. ஹாலிஸ் என் கணவன். மின்கம்பத்தில் ஏறிக் கம்பி சரிசெய்கிற வேலை, சபையில் டீக்கன், பாஸ்டருக்குத் துணையாக நிற்கிற பொறுப்பு. ப்ர்னோ நகரத்துக்குப் போயே தீர வேண்டும் என்று இருந்தான். நான் வராவிட்டால் போகமாட்டேன் என்றும் சொன்னான். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

எங்களுக்கு ஒரே மகள், ஆனலீ. போன அக்டோபரில் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில், மழையில் கார் சறுக்கி மரத்தில் மோதியது. அவ்வளவுதான். சபையில் எல்லாரும் அவள் மகிமைக்குள் பிரவேசித்துவிட்டாள் என்றார்கள். அலுமினியத் தட்டுகளில் கோழியும் சாதமும் கொண்டுவந்து குவித்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு நம்முடையதாக இருக்காதே, அப்படி எனக்கு உடம்பு முழுக்க இருந்தது. நவம்பரில் ஒருநாள் பள்ளிச் சமையலறையில் அடுப்பிலிருந்த தட்டைக் கையுறை போடாமல் வெளியே எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் கத்தியபிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் வெந்திருந்தது. வலிக்கவில்லை.

ஹாலிஸ் வேறு மாதிரி. வேலைக்குப் போக மாட்டான். ஷெட்டில் தன் டிரக்குக்குள் இருட்டில் உட்கார்ந்திருப்பான். அவன் தம்பி வேட் ஒருநாள் வந்து, "மான் வேட்டைத் துப்பாக்கியெல்லாம் துரு ஏறிப்போச்சு, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று அலமாரியைக் காலி செய்து எடுத்துப் போனான். துரு ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும், வேடுக்கும் தெரியும், ஹாலிஸுக்கும் தெரியும்.

அவனைத் தூக்கி நிறுத்தியது ஒரு கை. ஆனலீ இறப்பதற்கு முந்தின வருடக் கோடையில் இதே மாதிரி ஒரு குழுவோடு ப்ர்னோவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு சிறிய சபையில் அவள் சாட்சி சொன்ன மாலையில், ஒரே ஒரு பெண்மணி கையை உயர்த்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். பெயர் லிபுஷா. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது: நரைத்த குட்டைமுடி, சிவப்புக் கம்பளிச் சட்டை, பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக ஆனலீ. அடக்க ஆராதனையில் பிரதர் ராய்ஸ் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, "இந்த ஒரு ஆத்துமாவுக்காகவே இந்தப் பிள்ளை பிறந்தாள்" என்று பிரசங்கம் பண்ணினார். எனக்கு எழுந்துபோய்த் திரையைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. ஹாலிஸ் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு போதும், க்ளென்," என்பான் காலையில் பல் விளக்கும்போது. "ஒரே ஒருத்தர். அந்தம்மா பரலோகத்துக்குப் போனா, அதுக்கு நம்ம பொண்ணு காரணம். அது வீண் போகல, பாரு."

அப்படிச் சொல்லிச் சொல்லியே வேலைக்குப் போகத் தொடங்கினான். ஜனவரியில் வேட் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான்.

ஜூன் மாதம் கிளம்பினோம். எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. வியன்னாவில் ஜெபநடை. இரண்டிரண்டு பேராகத் தெருத்தெருவாக நடந்து, அந்த வீடுகளுக்காகவும் கடைகளுக்காகவும் மனதுக்குள் ஜெபிக்க வேண்டும். ஜெபநடையில் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கலாம், இல்லாவிட்டால் டிராமில் அடிபட வேண்டியதுதான். அது எனக்கு வசதியாக இருந்தது. அக்டோபரிலிருந்து ஜெபத்தில் என்னால் கண்ணை மூட முடிவதில்லை. மூடினால் ஆஸ்பத்திரியின் அந்த இரட்டைக் கதவு வந்து நிற்கும்.

எனக்கு ஜோடியாகக் காம்ரின் என்ற கல்லூரிப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். வாய் ஓயாத பெண். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய், "உங்களுக்கு இயேசுவத் தெரியுமா, சார்?" என்று கேட்டாள். அவர் அங்கே பெரிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவராம். "நல்லாத் தெரியும்மா. ஞாயித்துக்கிழமைல என்னைத் தூங்க விடாதவர் அவர்தான்," என்றார். காம்ரின் முகம் சிவந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"சிரிக்காதீங்க, மிஸ் க்ளெண்டா."

"நான் சிரிக்கலையே."

"அதுதான் பயமா இருக்கு. மத்தவங்கன்னா சிரிச்சிருப்பாங்க," என்றாள்.

ப்ர்னோவுக்கு ரயிலில் போய் இறங்கியதிலிருந்து ஹாலிஸ் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, துண்டில் சுற்றி, அலபாமாவிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். லிபுஷா மாலைக் கூட்டத்துக்கு வருவார் என்று அங்குள்ள பாஸ்டர் சொன்னார். மத்தியானமே முகம் மழித்து, சட்டை மாற்றி, முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னால், தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கூட்டம் ஒரு நிலவறைக் கூடத்தில். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தச் சபையின் வயதான பெண்கள். காம்ரின் சாட்சி சொல்ல எழுந்தாள். முதல் வருடம் விடுதியில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த கதை. இரண்டாவது நிமிடத்திலேயே அழ ஆரம்பித்தாள். மொழிபெயர்த்தவர் காத்திருந்தார். எப்படியோ முடித்து, போய் உட்கார்ந்தாள். பிரதர் ராய்ஸ் எழுந்து அழைப்புக் கொடுத்தார்.

அழைப்புக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. தலைகள் எல்லாம் குனிந்திருக்க வேண்டும். கண்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர் கையை மட்டும் உயர்த்த வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள், முன்னால் நிற்கிறவர் மட்டும் பார்ப்பார். பார்த்து, "அந்தக் கையைப் பார்க்கிறேன், இறக்கிக்கொள்ளலாம்" என்பார். கூச்சப்படுகிறவர்களுக்காக ஏற்பட்ட முறை. நான் குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான். போன அக்டோபர் வரை, அழைப்பின்போது ஒருமுறைகூட நான் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. எங்களில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பிரதர் ராய்ஸ்கூட அழைப்பின்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அவருக்குக் கை தெரியும், முகம் தெரியாது.

அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்கக் குனிந்த தலைகள். எந்தக் கையும் எழவில்லை. காம்ரினின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு நேர் முன்னால் இருந்த வரிசையில் ஒரு நரைத்த குட்டைமுடித் தலை நிமிர்ந்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை. அந்தத் தலை இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, காம்ரினைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு, வருகிற பஸ்ஸை நிறுத்துவதைப் போல, கையைத் தூக்கியது.

"அந்தக் கையப் பாக்குறேன்," என்றார் பிரதர் ராய்ஸ். குரல் உடைந்தது. "ஸ்தோத்திரம். எறக்கிக்கோங்க."

லிபுஷா கையை இறக்கினார். இறக்கும்போது திரும்பினார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன.

அதிர்ச்சி என்று சொல்வார்களே, அது எனக்கு வரவில்லை. எல்லாம் எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பதைப் போலிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இது ஹாலிஸ் காதுக்குப் போகக் கூடாது.

ஜெபம் முடிந்த கையோடு ஹாலிஸ் அவரிடம் போய்விட்டான். துண்டைப் பிரித்துப் படத்தைக் கொடுத்தான். மகள் இறந்த செய்தியைச் சொன்னான். அவருக்கு அது தெரியாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். ஹாலிஸும் அழுதான். சந்தோஷத்தில் அழுதான், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் சிற்றுண்டிக்கு வந்து, அந்த மாலையைப் பற்றி விவரமாகச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டான்.

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே வந்து, கேட்காமலேயே துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். வெகுகாலம் ஓட்டலில் வேலை செய்தவராம். எங்கள் பாஷை நன்றாகவே பேசினார்.

"பாத்துட்டீங்க," என்றார்.

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"உங்க ஆளுங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்துன்னு வெச்சுக்கோங்க. மொத தடவை யாருமே தூக்கல. ஒரு பையன் வெளிய போய் வாந்தி எடுத்தான். தன்னாலதான் ஒருத்தரும் ரட்சிக்கப்படலன்னு ஒரே அழுகை. சின்னப் பசங்க, அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க. அப்பறம் நாங்க பொம்பளைங்க காப்பி குடிக்கும்போது பேசி வெச்சுக்கிட்டோம். யாரும் தூக்கலன்னா எங்கள்ல ஒருத்தி தூக்கறதுன்னு. முழங்கால் வலிக்குது, முன்னால வான்னா முடியாது. கை தூக்கறதுல என்ன போச்சு?"

"அப்ப நீங்க ஏற்கெனவே..."

"ஒன்பது வயசுலேர்ந்து விசுவாசி. இல்லன்னு வாயால சொல்லமாட்டேன்னதால, அந்தக் கம்யூனிஸ்ட் காலத்துல மேல படிக்க விடல. ஓட்டல் ரூம்ல போர்வை மாத்தற வேலைக்குப் போனேன்." கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்க பொண்ணு வந்தப்ப என் முறை. கூட்டம் முடிஞ்சு, கை தூக்கினது யாருன்னு கேட்டா, நான்தான்னேன்."

தண்ணீரை நிறுத்தினேன். "அவ என்ன பேசினா?"

துடைத்த கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிச்சுக்கோங்க. ஞாபகம் இல்ல. எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசறாங்க. ஆனா அவ சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. உள்ள பிளம் பழம் வெச்சுக் கொழுக்கட்டை பண்ணுவோம், மேல கசகசாவும் சர்க்கரையும் போட்டு. ஒரு தட்டு தின்னா. இன்னொண்ணு தின்னா. எங்கம்மா பள்ளிக்கூடத்துல சமைக்கறாங்க, அவங்களுக்குக் கத்துக்குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே மூணாவது தட்டையும் தின்னுட்டா. பண்றத மட்டும் பாக்கவே இல்ல."

அது ஆனலீதான். சாட்சி சொன்ன பெண் யாராகவும் இருக்கலாம்; மூன்று தட்டுத் தின்றது என் மகள்தான். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஹாலிஸ்கிட்ட சொல்லிடாதீங்க," என்றேன். துப்பாக்கி அலமாரியைப் பற்றியும் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம், எச்சில் கோப்பைகள் முன்னால் நின்றுகொண்டு, அதைச் சொல்லிவிட்டேன்.

அவர் துணியை மடித்து வைத்தார். "நானா ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அவர் நேரா கேட்டா, கையால சொன்ன மாதிரி வாயால சொல்ல எனக்கு வராது. எதுக்காக நான் படிப்ப விட்டேன்னு நெனைக்கிறீங்க?"

காலையில் ரொட்டி, வெண்ணெய், காப்பி. வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவை நடுவில் வைத்தேன், யாரும் தொடவில்லை. லிபுஷா ஒரு டப்பா நிறையக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார். ஹாலிஸ் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். கொழுக்கட்டைக் கதையை அவர் சொல்லச் சொல்ல, தொடையில் தட்டிச் சிரித்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இதோடு போகட்டும், இதோடு போகட்டும் என்று இருந்தேன். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது.

"அன்னிக்கு அவ சொன்னதுல எதும்மா உங்களத் தொட்டுச்சு?" என்று கேட்டான்.

"ஹாலிஸ், ரயிலுக்கு நேரமாச்சு," என்றேன்.

"இன்னும் இருக்கு, க்ளென். நீங்க சொல்லுங்கம்மா. அதுக்கு முன்னால நீங்க எப்படி இருந்தீங்க?"

லிபுஷா என்னைப் பார்த்தார். பிறகு அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு முன்னாலயும் இப்படித்தான் இருந்தேன். நான் சின்ன வயசுலயே விசுவாசி. உங்க பொண்ணு பேசி முடிச்சப்ப யாரும் கை தூக்கல. அவ அழுதுடுவா போலிருந்துச்சு. அவ அழக் கூடாதுன்னு தூக்கினேன். அவ அழல. அவ்வளவுதாங்க உண்மை."

ஹாலிஸ் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சரிம்மா," என்றான். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி."

"அந்தப் படம்... நீங்களே வெச்சுக்கணும்னா..."

"இல்லம்மா. அது உங்களுக்குக் குடுத்தது."

தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, முழுவதும் தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டிகளைப் படியேற்றினான். எல்லாருடைய பெட்டிகளையும், கேட்காதவர்களின் பெட்டிகளையும் ஏற்றினான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது பழகிய முகமாக இருந்தது. கண்ணாடியில் அக்டோபரிலிருந்து நான் பார்க்கிற முகம்.

எங்கள் கடைசி நகரமான புடாபெஸ்டுக்குப் போகிற ரயிலில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேடுக்குச் செய்தி அனுப்பினேன்: வீட்டுக்குப் போய்த் துப்பாக்கிகளை எடுத்துவிடு. ஊரில் அப்போது விடிந்துகூட இருக்காது. ஆனாலும் பதில் வந்தது. "எடுத்துடறேன், க்ளெண்டா. நான் ஒண்ணும் கேக்கல."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். லிபுஷா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து ஹாலிஸுக்கு நீட்டினேன். ஒரு கொழுக்கட்டையை எடுத்து மென்றான்.

"சர்க்கரை ஜாஸ்தி," என்றான்.

கடைசி நகரத்தின் கடைசிக் கூட்டத்தில் டீக்கன் சாட்சி சொல்லி, டீக்கனே அழைப்பும் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் பிரதர் ராய்ஸிடம் போய், ஹாலிஸுக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது விடுங்கள் என்றேன். லிபுஷா சொன்னது எதுவும் பிரதர் ராய்ஸுக்குத் தெரியாது. ப்ர்னோவில் எழுந்த ஒரு கையைப் பற்றி ஊருக்கு அதற்குள் செய்தி அனுப்பியிருந்தார்.

"நீயே சொல்லு, ஹாலிஸ். முடியுமா?" என்று அவனையே கூப்பிட்டுக் கேட்டார்.

"பேர் குடுத்தாச்சு, பிரதர். பேசிடறேன்."

ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கூடம். மாணவர்கள் கொஞ்சம் பேர், ஆரஞ்சுச் சட்டையில் நாங்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹாலிஸ் முன்னால் போய் நின்றான். மொழிபெயர்க்க ஒரு இளைஞர் பக்கத்தில் நின்றார். எழுதி வைத்திருந்த காகிதத்தை ஹாலிஸ் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என் பேர் ஹாலிஸ். கரண்ட் கம்பத்துல ஏறுறவன். போன அக்டோபர்ல என் மக செத்துப்போனா."

பிரதர் ராய்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் சபையில் யாரும் சாவதில்லை. வீடு திரும்புவார்கள், இளைப்பாறுவார்கள், மகிமைக்குள் போவார்கள். அந்தச் சொல்லை ஹாலிஸ் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவளால ஒரு ஆத்துமா ரட்சிக்கப்பட்டுச்சுன்னு சொன்னாங்க. அத வெச்சுத்தான் தெனமும் காலைல எந்திரிச்சேன். அது அப்படி இல்லன்னு இப்பதான் தெரிஞ்சுது. ஒரு நல்ல அம்மா, என் பொண்ணு அழக் கூடாதேன்னு கையத் தூக்கியிருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவ அழலையாம்." மொழிபெயர்ப்பவர் முடிக்கும்வரை காத்திருந்தான். "இதோட ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். மூணாவது நிமிஷத்துல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கோங்க."

காம்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாலிஸ் அங்கேயே நின்றான். உட்காரத் தெரியாதவனைப் போல நின்றான். பிறகு, எத்தனையோ வருடப் பழக்கம், அதுவாகவே அவன் வாயில் வந்தது.

"எல்லாரும் தலை குனிஞ்சுக்கோங்க. கண்ண மூடிக்கோங்க."

தலைகள் குனிந்தன. மொழிபெயர்ப்பவரும் குனிந்துகொண்டார்.

"யாராவது... என்ன மாதிரி, ஒண்ணையும் நம்ப முடியாம, ஒண்ணும் தோணாம உக்காந்திருக்கறவங்க இருந்தா, கையத் தூக்குங்க. யாரும் பாக்கமாட்டாங்க. நான் மட்டுந்தான் பாத்துட்டிருக்கேன்."

எந்தக் கையும் எழவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் பின்வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக, கம்பத்தின் மேலிருந்து வீடுகளைப் பார்ப்பவனைப் போல, விளக்கு எங்காவது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். என் பக்கம் இன்னும் வரவில்லை. வந்து பார்த்துவிட்டு, இங்கேயும் இல்லை என்று போய்விடுவான். அப்புறம் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும்.

நான் ஞானஸ்நானம் பெற்றபோது எனக்கு எட்டு வயது. அதற்குப்பின் கையைத் தூக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. தூக்கினால் இத்தனை வருட விசுவாசமும் பொய்யென்று ஒத்துக்கொள்வதாக ஆகும், எங்கள் ஊர்க் கணக்கில். ப்ர்னோவில் பார்த்ததைப் போல, அவன் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று தூக்கினேனா, இல்லை அவன் கேட்டதற்கு உண்மையான பதிலாகத்தான் தூக்கினேனா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காம்ரினின் பிடியிலிருந்து கையை விடுவித்து, உயர்த்தினேன்.

அவன் பார்வை என் வரிசைக்கு வந்தது. நின்றது.

"அந்தக் கையப் பாக்குறேன்," என்றான்.

அதற்கு அடுத்து, இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. பிறகு முழங்கை. பிறகு, நவம்பரில் வெந்து ஆறிப்போன உள்ளங்கை வரைக்கும், கை முழுவதும் வலித்தது.